மிகுதி ஒன்று

சங்கக் கடையில் எனக்கு இருப்பெடுக்கிற வேலை.
சீனி மூட்டை, செத்தல் மிளகாய், மண்ணெண்ணெய்ப் பீப்பா,
தொட்டுத் தொட்டு எண்ணிப் பழகிய கை
வீட்டுக்கு வந்தும் சும்மா இராது.
ரூபனின் சாவிகளை எண்ணும்.

ஒட்டுப்பலகையை ஆணியடித்து நிறுத்தி
ஒவ்வொன்றையும் அதில் வைத்துச் சுற்றி வரைந்தேன்
கறுப்புப் பெயின்றால்.
குறடு போனால் அங்கே குறட்டின் நிழல் நிற்கும்.
பதினேழின் நிழல்
மாரிக்கு முன்னிருந்தே வெறுமையாய் நிற்கிறது.
'கஜமுகன். தண்ணிப்பம்பு கழட்ட. ஒரு நாளைக்கு.'
கொப்பியில் அந்த ஒரு நாளைக்குக் கீழே
சிவப்புப் பேனையால் இரண்டு கோடு.

கார் மொறிஸ் மைனர்.
கதவு ஒரு பச்சை, போனற் வேறொரு பச்சை.
மல்லாவியில் வெளிக்கிட்டு மாங்குளம் சந்தி போக
இரண்டுதரம் கொதிக்கும்.
"சன்னி எஞ்சின் ஒண்டு ஏத்துவம்" என்றார்.
காய்ச்சல் முற்றினால் வருகிற சன்னியோ என்று கேட்டேன்.
சிரிக்கவில்லை,
உதட்டுக்கிடையில் நட்டு வைத்திருந்தார்.

மூன்று பாலைத் தடியைக் கூம்பாய்க் கட்டி
செயின் புளொக்கைக் கொளுவி
பழையதைத் தூக்கினோம்.
அது ஆடிக்கொண்டு மேலே வந்தபோது
கோழிகள்கூட விலகி நின்றன.

பழையது அங்குலம் பேசும், புதியது மில்லிமீற்றர்.
பலகைக்கு நடுவே ஒரு கோடு போட்டேன்.
அரை அங்குல நட்டில் பதின்மூன்று சாவி
ஏறக்குறையச் சரியாய் இருக்கும்.
அந்த ஏறக்குறையதான் நட்டின் மூலைகளைத் தின்பது.
கல்யாணத்திலும் அப்படித்தான் என்று சொல்ல வந்து
விட்டுவிட்டேன். அவர் காருக்கு அடியில் கிடந்தார்.

மவுண்ட் வெட்டி ஒட்டி, ரேடியேற்றரை முன்னுக்குத் தள்ளி,
புறொப்பலர் சாஃப்ற்றைக் குறுக்க
கிளிநொச்சி லேத்துக்கு மூன்றுதரம் அலைந்து,
பொங்கல் கழிந்த ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம்
"இனி ஸ்ராட் பண்ணலாம்" என்றார்.
நான் விடவில்லை.
எண்ணி முடியாமல் எஞ்சினுக்கு உயிர் கொடுக்க ஏலாது.
ஒரு சாவி ஃபானுக்குள் கிடந்தால்?

நாற்பத்தொன்றில் கஜமுகனிடம் ஒன்று.
நாற்பது வரவேண்டும்.
நாற்பத்தொன்று வந்தது.

திரும்ப எண்ணினேன். ரோச் பிடித்து எண்ணினேன்.
நாற்பத்தொன்று.

"கூடத்தானே, குறையேல்லையே."
அவருக்கு விளங்காது.
சங்கத்தில் குறைந்தால் சம்பளத்தில் வெட்டுவார்கள்.
கூடினாலும் கடிதம் எழுதவேணும்,
இந்த மிகுதி எங்கிருந்து வந்தது என்று.

தட்டின் அடியில் இருந்தது அது.
பதினாறில் ஏழு. கட்டை.
துரு பிடித்த கழுத்தில் இறுக்கிச் சுற்றிய சிவப்பு நூல்.
பற்றறித் தட்டுக்குக் கீழே செருகிக் கிடந்ததாம்,
எங்களுடையது என்று எடுத்துப் போட்டாராம்.

கார்ப் புத்தகத்தை விரித்தேன்.
எங்களுக்கு முன்னால் ஏழு பெயர்.
ஏழாவது, வவுனியா இரும்புக்கடை.
ஆறாவது, ஆனந்தபுரம், ஒழுங்கையின் பெயரோடு.
அந்த ஒழுங்கை இப்போது ஒழுங்கையாய் இல்லை.
தபால் போட்டால் தபால்தான் திரும்பும்.

ஆனால் நூல் சுற்றியவர் ஒருவர் இருந்திருக்கிறார்,
ஆரும் இரவல் கொண்டுபோனால்
தன்னுடையது என்று காட்டிக் கேட்க.
என்னைப்போல எண்ணுகிற ஆள்.
ஒருநாள் இரவு அவருக்கும் ஒன்று குறைந்திருக்கும்.

பலகையில் அதற்கும் ஒரு நிழல் வரைந்தேன்.
கொப்பியில் புதுப் பக்கம்:
'பதினாறில் ஏழு, சிவப்பு நூல்.
இரவல் வாங்கியது நாங்கள்.'
திகதிக்கு இடம் விட்டேன்.

மூன்றாம் தரம் பிடித்தது எஞ்சின்.
போனற்றை மூடாமல் நின்று கேட்டோம்,
ஒரு சொல்லும் பேசாமல்,
முற்றத்து லைற் அதோடு சேர்ந்து நடுங்குவதுபோல.
பிறகு ரூபன் குனிந்து பார்த்தார்.
சம்ப் பிளக்கில் எண்ணெய் கசிகிறது.
"பதினேழைத் தாரும்" என்று கை நீட்டினார்.

இரவு ஒன்பதரை.
கொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு
கஜமுகன் வீட்டுப் படலையைத் தட்டுகிறேன்.
நாய் குரைக்கட்டும்.